மெத்தைக்காரர் வீட்டு வாடாமல்லி

என் அண்ணிக்கு எங்கள் தெருவில் போலீஸ் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். தெருமுனையில் தலை தெரிந்ததும், "போலீஸ் வருது" என்று ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். முதலில் சொன்னது யார் என்பதும் தெரியும்.

பால் வாங்கினால் ஒரு சொட்டை நகத்தின்மேல் விட்டு அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்பாள். முட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். உள்ளே என்னதான் தெரிகிறது என்று கேட்டால், "ஒண்ணும் தெரியலை, அதான் சந்தேகமா இருக்கு" என்பாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினால், வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஒண்ணுமில்லைன்னா அந்த ஆளு ஏன் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு?" என்பாள். என் அண்ணன் பெண் பார்க்கப் போனபோது அவர் முகத்தைப் பார்க்கவே இல்லையாம். வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்பைப் புரட்டிப் பார்த்தாளாம். இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்ததால் ஆள் கோணலில்லை என்று தீர்மானித்துச் சரி என்றாளாம்.

அவள் எனக்கு அண்ணியாவதற்கு முன்பே உறவுதான். அவளுடைய அப்பாவைப் பெற்றவளும் என் அம்மாவைப் பெற்றவளும் கூடப் பிறந்தவர்கள். அந்த வகையில் அவள் அப்பா எனக்கு மாமா. சின்ன வயதில் நானும் அவளும் வாடி போடி என்று மண்ணில் புரண்டவர்கள். அதனால் என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகும் எனக்கு அவள் 'அவள்'தான்.

அந்த மாமாவால்தான் அவள் இப்படி ஆனாள். மாமா ஆலையில் ராத்திரி வேலை என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் அம்மா, என் அத்தை, அதை நம்பினாள். மாமாவுக்கு ஒரு மூக்கு உண்டு. பாதி வழியில் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி நடந்தது போன்ற மூக்கு. ஊரில் வேறு யாருக்கும் அப்படிக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் புதிதாக வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு அதே மூக்கு இருந்தது. அண்ணி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் பின்னாலேயே போனாள். அந்த வீட்டுக் கொடியில் மாமாவின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அத்தை வேறு நிற நூலில் தைத்துக்கொடுத்த பொத்தானோடு. அன்றைக்குத் திரும்பி வந்தவள் வேறு ஆள். சொல்லை நம்ப மாட்டாள், சிரிப்பை நம்ப மாட்டாள், கண்ணீரை அறவே நம்ப மாட்டாள்.

அவள் நம்பிய ஒன்றே ஒன்று வாடாமல்லிதான்.

கல்யாணமாகி அத்தை வீட்டிலிருந்து வரும்போது துணி மூட்டையோடு ஒரு பிடி காய்ந்த பூவும் கொண்டுவந்தாள். முற்றத்தில் உதறினாள், அவ்வளவுதான். பாத்தி கட்டவில்லை, எரு போடவில்லை. அடுத்த வருஷம் சுவரோரம் முழுக்க நின்றது. அதற்கடுத்த வருஷம் தண்ணீர்க் குழாயடியில், படிக்கல் இடுக்கில், உடைந்த வாளிக்குள் எல்லாம் நின்றது. மற்றவர்கள் வீட்டில் கருநாவல் நிறத்தில் பூக்கும். இவளுடையது வெளிறிய ரோஜா நிறம், உச்சியில் மட்டும் உப்புத் தூவினாற்போல வெள்ளை. பறித்து, நீண்ட புல் கதிரோடு சேர்த்துக் கட்டிக் கண்ணாடி பாட்டிலில் வைப்பாள். சமையலறை ஜன்னலில் ஒன்று, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒன்று. தண்ணீர் வற்றினாலும் அது பாட்டுக்கு நிற்கும். மிஞ்சியதைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, அண்ணன் வேலை செய்யும் கொட்டகைக் குறுக்குச்சட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவாள். மழைக்காலம் முழுக்க அந்தக் காய்ந்த கொத்துதான் வீட்டுக்கு அழகு.

"ரோஜா வைக்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரோஜாவா? காலையில பல்லைக் காட்டும், சாயங்காலம் தலையைத் தொங்கப் போடும். அதை நம்பி எப்படி வீட்டுல வைக்கிறது? இதைப் பாரு. செடியில எப்படி இருந்துச்சோ பாட்டில்லயும் அப்படியே. செத்தாலும் அதே முகம். வாசனையும் கிடையாது. யாரையும் மயக்கற எண்ணமே இல்லை."

விதை கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவருக்கும் கொடுத்ததில்லை. "குடுத்தா அது எங்க போகுது, யார் வீட்டுல போய் நிக்குதுன்னு நான் எங்க போய்ப் பாக்கறது?" என்பாள்.

என் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மெத்தைக்காரர். பழைய மெத்தையைப் பிரித்து, கட்டிதட்டிப்போன பஞ்சை வெயிலில் உலர்த்தி, கொட்டகையில் போட்டுப் பிரம்பால் அடித்து உதிர்ப்பார். அதைச் சாக்கில் கட்டி எடுத்துப்போய், மெத்தைக்குச் சொந்தக்காரர் வீட்டிலேயே, அவர்கள் கண்ணெதிரில் பாயை விரித்து, புது உறைக்குள் அடைத்துத் தைப்பார். 'என் பஞ்சில் பாதியைக் காணோம்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அண்ணி போட்ட சட்டம் அது. உறை தைப்பது அவள் வேலை. அண்ணனும் பஞ்சு விஷயத்தில் வெகு கறார். அடிக்கும்போது பறந்து மூலையில் ஒதுங்கிய துணுக்கைக்கூட மெல்லக் கூட்டி அள்ளி, அந்தந்தச் சாக்கிலேயே போட்டுவிடுவார். "அவங்க பஞ்சு அவங்களுக்கு" என்பார். அதிர்ந்து பேசாத மனிதர். மனைவி வைத்த கேள்விக்கெல்லாம் வருஷக்கணக்காகப் பதில் சொல்லிச் சொல்லிக் குரலே தேய்ந்துபோயிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அண்ணி மருத்துவமனைக்குத் தலையணை உறைகளைக் கொடுத்துவிட்டு, அச்சகத்துக்குப் பின்னாலிருக்கும் சந்து வழியாகத் திரும்பியிருக்கிறாள். அங்கே ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு ஒரு பெண் இருந்தாள். வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள், தனி ஆள். அவள் ஜன்னலில் ஒரு டம்ளர். டம்ளரில் வெளிறிய ரோஜா நிற வாடாமல்லி, உச்சியில் வெள்ளையோடு. ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாக அதே செடி வரிசை கட்டி நின்றது.

அண்ணிக்கு அந்தப் பெஞ்சும் அந்த மூக்கும் ஞாபகம் வந்திருக்கும். நின்றுவிட்டாள்.

"இந்தப் பூ ஏது?"

டைப் அடிக்கிற பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அதுவா வந்துச்சுங்க அக்கா. நான் ஒண்ணுமே பண்ணலை. தண்ணிகூட ஊத்தினதில்லை. பாருங்களேன், கூப்பிடாமயே வந்து எவ்வளவு அழகா நிக்குது!"

"யாரும் கொண்டாந்து குடுக்கலையா?"

"எனக்கு யாரு அக்கா குடுக்கப் போறா?" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு போதும். அண்ணி வீட்டுக்குப் போகாமல் நேரே இரண்டு தெரு தள்ளியிருந்த என் வீட்டுக்கு வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதுவா வந்துச்சாம்டி! பூவுக்கு என்ன, காலு முளைச்சிருக்கா? எங்க அப்பன் மூக்கும் இப்படித்தான், அதுவா நடந்து இன்னொரு வீட்டுக்குப் போச்சு!"

"காத்துல விதை போயிருக்கும்."

"நடுவுல இருக்கற ஒரு தெருவுலயும் விழாம, அச்சகத்தையும் தாண்டி, அவ ஜன்னலுக்குக் கீழ மட்டும் போய் விழுந்துச்சா? நல்லா வழி கேட்டுக்கிட்டுப் போன காத்து போல. சொல்லு நாத்தனாரே, உன் அண்ணன் அந்தப் பக்கம் வேலைக்குப் போனாரா இல்லையா?"

கோபம் வந்தால்தான் நான் நாத்தனார்.

"போயிருப்பாரு. மெத்தை தைக்க எல்லா வீட்டுக்கும்தான் போறாரு."

"நீ அப்படித்தான் பேசுவ. ஒரே வயித்துல வந்ததுங்க." மடித்த துணியை எடுத்து மறுபடி பிரித்து, தன் பாங்கில் மடித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "கொஞ்ச நாளாவே ஆள் சரியில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசறதில்லை. கூப்பிட்டா தலையைச் சாய்ச்சுக்கிட்டு எங்கயோ பாக்கறாரு. நேத்து வேணும்னே கிழிஞ்ச உடுப்பை மாட்டிக்கிட்டு முன்னாலயும் பின்னாலயும் நடந்தேன். கண்டுக்கவே இல்லை. மனசு இங்க இருந்தாத்தானே கண்ணு இங்க இருக்கும்?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் சிரிப்பு நின்றுபோயிற்று.

காலையில் அண்ணன் வேலைக்குக் கிளம்பினால் அண்ணி முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். வேலை இருந்தது கிழக்கே. அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேற்கே, அச்சகத்துச் சந்துக்குள் போனார். அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அவருடைய ஊசி டப்பாவைக் கொடுத்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என்னவோ சொல்லிச் சிரித்தார். மறுநாளும் அதே மாதிரி.

அண்ணி சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். அண்ணனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அண்ணே, அச்சகத்துச் சந்துல உனக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல பாப்பா. ஊசி டப்பாவை மறந்து வச்சுட்டு வந்துட்டேன். வாங்கப் போனேன்."

"தினமுமா மறப்ப?"

அவர் பஞ்சை அடிக்கத் தொடங்கிவிட்டார். என் அண்ணன் என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததேயில்லை. சொல்லத் தெரியாமல் சொன்னார். அன்றைக்கு என் நெஞ்சிலும் ஒரு முள் தைத்தது. அண்ணன் நல்லவர்தான், மாமாவையும் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொன்னார்கள்.

வார முடிவில் அண்ணி அந்தச் சந்துக்குப் போய்விட்டாள். நான் கேள்விப்பட்டு ஓடுவதற்குள் பாதி நடந்து முடிந்திருந்தது. ஜன்னல் டம்ளரைப் பிடுங்கித் தெருவில் கொட்டியிருந்தாள். இரண்டு பக்கமும் மாடியில் தலைகள்.

"அடுத்தவ வீட்டுப் பூவை வச்சு அழகு பாக்கற! ஊசி டப்பாவுல என்னடி குடுத்தனுப்பற தினமும்?"

டைப் அடிக்கிற பெண் வெளிறிப்போய் வாசலில் நின்றாள். "அக்கா, கத்தாதீங்க. அவரு போன வருஷம் மெத்தை தைச்சுக் குடுத்தாரு. அவ்வளவுதான்."

"அப்ப தினமும் ஏன் வர்றாரு? அதைச் சொல்லு!"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "அதை நீங்க அவர்கிட்டயே கேளுங்க" என்றாள்.

அது போதாதா? வீட்டுக்காரம்மா படியிறங்கி வந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது கௌரவமான வீடு. மாசம் முடிஞ்சதும் அறையைக் காலி பண்ணிடும்மா" என்றாள். அவ்வளவுதான். ஒரு பெண்ணின் பெயர் ஒரு டம்ளர் தண்ணீரோடு சேர்ந்து தெருவில் போயிற்று. சந்தில் இப்படிக் காலி செய்யச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு அந்த ஊரில் வேறு யார் அறை கொடுப்பார்கள்?

அன்றைக்கு அண்ணி முற்றத்துச் செடி முழுவதையும் வேரோடு பிடுங்கிக் குப்பைமேட்டில் எறிந்தாள். அதிலும் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. வேறு பூவாக இருந்தால் சாயங்காலத்துக்குள் வதங்கிச் சுருண்டிருக்கும். பார்க்கிறவளுக்கும் மனம் ஆறியிருக்கும். இது பிடுங்கிப் போட்ட இடத்திலேயே, வேர் காய்ந்துகொண்டிருக்க, மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே ரோஜா முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "திமிரைப் பாரு" என்றாள். அண்ணன் கொட்டகையில் யாருடைய பஞ்சின் மேலோ படுத்துக்கொண்டார்.

அண்ணி பெட்டியில் துணி அடுக்கினாள். "நான் எங்க அம்மா மாதிரி இருக்க மாட்டேன். போயிடுவேன். ஆனா போறதுக்கு முன்னால, இந்த மனுஷன் வேற எங்கெங்க பூ குடுத்திருக்காருன்னு பாத்துட்டுத்தான் போவேன். வாடி, நீயும் கூட வா. அப்புறம் நான் பொய் சொன்னேன்னு சொல்லக் கூடாது."

ஊர் சுற்றினோம். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையையும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முதலில் அகப்பட்டது கடிகாரம் பழுது பார்ப்பவர் வீடு. அவர் நெஞ்சு வரை வெள்ளைத் தாடி வளர்த்த கிழவர். அவருடைய மேஜையில், பிரித்துப் போட்ட கடிகாரங்களுக்கு நடுவே, மைப்புட்டியில் ஐந்தாறு வெளிறிய ரோஜா வாடாமல்லி. கொல்லையிலும் நின்றது.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"இவருக்குமா?" என்றேன்.

"வாயை மூடு" என்றாள்.

கிழவர் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். "என்னம்மா, பூ வேணுமா? எடுத்துக்குங்க. போன மழைக்கு அதுவா முளைச்சுது. நான் தாடிக்கே தண்ணி காட்டாதவன், செடிக்கா ஊத்தப் போறேன்? அதுவா வளருது. மேஜையில ஒரு உசிர் இருக்கட்டுமேன்னு வச்சேன்."

அடுத்தது மருத்துவமனைப் பின்பக்கம். அங்கேயும் நர்ஸ்கள் மருந்துப் புட்டியில் வைத்திருந்தார்கள். அதற்கடுத்தது ஆண்கள் தங்கும் விடுதி. அங்கே சமையல்காரர் அதை வெறுமே பார்த்துக்கொண்டு பீடி பிடித்தார். "இங்க இருக்கறதுல இது ஒண்ணுதாம்மா குளிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

விடுதிக் கொல்லையில்தான் அண்ணி நின்றாள். அங்கே மண் தரை, வேறு செடி கிடையாது. வாடாமல்லி மட்டும் நின்றது. அதுவும் கண்டபடி இல்லை. கோடு போட்ட மாதிரி நாலு பக்கமும் வரிசை. நடுவில் வெறும் தரை. நீளவாக்கில் ஒரு கட்டம்.

அண்ணி அந்த வரிசையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு அந்தக் கட்டத்தின் நீளத்தைக் கையால் முழம் போட்டாள். அகலத்தையும் போட்டாள். அந்த அளவுக்கு அவள் எத்தனையோ உறை தைத்திருக்கிறாள்.

"பாய்" என்றாள்.

"என்னது?"

"உன் அண்ணன் பாயைப் போட்டு மெத்தை அடைச்ச இடம்டி இது. பாயிலேர்ந்து ஓரமா உதிர்ந்ததுதான் முளைச்சிருக்கு. அங்க அந்தப் பொண்ணு வீட்டுல சுவரோரம் இடம் ஒடுக்கு. அதான் ஒரே வரிசையா நின்னுச்சு." மண்ணில் உட்கார்ந்து, முற்றிய ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். உதிர்ந்தது. ஒவ்வொரு விதையையும் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தது. "கொட்டகையில நான் கட்டித் தொங்கவிட்ட கொத்து காய்ஞ்சு உதிருது. அதையும் சேர்த்துக் கூட்டி அள்ளிச் சாக்குல போட்டிருக்காரு."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப அண்ணன் மேல தப்பே இல்லை!"

அண்ணி எழுந்திருக்கவில்லை. அவளுடைய முகத்தில் நிம்மதி இல்லை. முன்னைவிட மோசமாக இருந்தது.

"தப்பில்லை. ஆனா பஞ்சு எது, பதர் எதுன்னு தெரியாமயா அள்ளுவாரு? தொட்டுப் பாக்காமலே இது எந்த ஊர்ப் பஞ்சுன்னு சொல்ற ஆளு. இதுல வேற என்னமோ இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனாள். அண்ணன் பிரம்போடு உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு கையில் நல்ல பஞ்சும் மறு கையில் பூவின் பதரும் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல பஞ்சு எது?"

"என்ன விளையாட்டு இது?"

"தொடாதீங்க. பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் பார்த்தார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். பிறகு சிரிக்கப் பார்த்துக்கொண்டே பதர் இருந்த கையைக் காட்டினார்.

அண்ணி இரண்டு கையையும் இறக்கினாள். அவருக்கும் புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து?" என்றாள் அண்ணி.

"போன வருஷத்துலேர்ந்து. பனி மூட்டம் மாதிரி இருக்கு. வெயில்ல கொஞ்சம் தேவலை."

"புரையா?"

"இருக்கும்."

"ஏங்க சொல்லலை?"

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். எங்கள் அப்பா கண்ணில் புரை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர். கட்டுப் பிரித்த அன்று, "விளக்கைப் போடுங்க" என்றார். அறை முழுக்கப் பகல் வெளிச்சம் இருந்தது. அண்ணன்தான் அப்போது பக்கத்தில் நின்றார்.

"சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவ. ஊருக்குத் தெரிஞ்சா ஒருத்தனும் மெத்தை குடுக்க மாட்டான். அன்னைக்கு அந்தப் பொண்ணு வீட்டுல கடைசிப் பக்கம் தைக்கும்போது ஊசியில நூல் கோக்க முடியலை. திணறினேன். அதுவா வந்து வாங்கிக் கோத்துக் குடுத்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதம்மான்னேன். அதுக்கப்புறம் முந்தின நாளே டப்பாவைக் குடுத்துட்டு வந்துடுவேன். காலையில எல்லா ஊசியிலயும் நூல் கோத்து வச்சிருக்கும்."

அண்ணி பிரம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அவ்வளவு திட்டினேன். அறையைக் காலி பண்ணச் சொன்னாங்க. அப்பக்கூட அவ சொல்லலைங்க."

"சொல்லாதன்னு நான் சொன்னேன்ல" என்றார் அண்ணன்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் சந்துக்குப் போனோம். டைப் அடிக்கிற பெண் சாமான்களை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி வீட்டுக்காரம்மாவைத்தான் முதலில் பார்த்தாள். புருஷன் கண்ணைப் பற்றி மூச்சுவிடாமல், எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "நான் ஒரு சந்தேகப் பிசாசுங்க. ஊருக்கே தெரியும். இந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லை."

வீட்டுக்காரம்மா அசையவில்லை. "அப்ப அவரு தினமும் எதுக்கு வந்தாரு? அதை யாருமே சொல்ல மாட்டேங்கறீங்களே."

அண்ணி தயங்கினாள். வீட்டுக்காரம்மா அந்தத் தயக்கத்தைப் பார்த்த பார்வை, சாட்சாத் அண்ணி மற்றவர்களைப் பார்க்கிற பார்வை. அண்ணி மெல்ல அவள் காதருகே போய் உண்மையைச் சொன்னாள். வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டாள். "அட பாவமே. சரி, அந்தப் பொண்ணு இருக்கட்டும்" என்றாள்.

அண்ணி பின்னறைக்கு வந்து, "என்னை மன்னிச்சிடும்மா. வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ எங்கயும் போக வேணாம்" என்றாள்.

அந்தப் பெண் கயிற்றைக் கட்டுவதை நிறுத்தவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேணாம்க்கா. காதுல சொன்னது காதோட போயிடும். நீங்க திட்டினது தெருவுல. மாடியில இருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க. நேத்து பஸ்ல ஒருத்தன் என்னைப் பாத்துப் பூ வேணுமான்னு கேட்டான். அன்னைக்கு எவ்வளவு சத்தமாத் திட்டினீங்களோ, அவ்வளவு சத்தமா வெளிய நின்னு சொல்லுங்க. முடியுமா?"

அண்ணி வாயடைத்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தெருவில் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. மெத்தைக்காரருக்குக் கண் தெரியவில்லை, பஞ்சோடு பதரை அடைக்கிறார் என்று இவளே கூவ வேண்டும். அன்றோடு தொழில் போயிற்று. சொல்லாவிட்டால் அந்தப் பெண் பெட்டியோடு போக வேண்டியதுதான். அண்ணி தெருவுக்கு வந்தாள். நடுவில் நின்றாள். தொண்டையைச் செருமினாள். திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

அதிர்ந்து பேசாத என் அண்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "எல்லாரும் கேளுங்க!" என்று கத்தினார். கரகரத்த குரல், அவருக்கே அது பழக்கமில்லை. மாடிகளில் ஜன்னல் திறந்தது. "எனக்குக் கண்ணுல புரை! ஊசியில நூல் கோக்க வரலை! இந்தப் பொண்ணுதான் என் மேல இரக்கப்பட்டுத் தினமும் கோத்துக் குடுத்துச்சு! என் பொண்ணு மாதிரி. வேற யாராவது வேற ஏதாவது சொன்னா, என்கிட்ட வந்து சொல்லுங்க!"

"பூவும் யாரும் குடுக்கலை!" அண்ணிக்கும் தொண்டை திறந்துவிட்டது. "இவரு தெரியாம எங்க வீட்டுப் பூவைப் பஞ்சோட அள்ளி அடைச்சுட்டாரு. உதிர்ந்தது முளைச்சிருக்கு! அவ சொன்னது நிஜம், அதுவாத்தான் வந்துச்சு! நான்தான் தப்பாப் பேசினேன்! நான்தான்!"

மாடிகளில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டைப் அடிக்கிற பெண் வாசலுக்கு வந்து நின்றாள். கையில் கயிறு இருந்தது.

எதிர்மாடியில் தனியாகக் குடியிருந்த தபால்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே குனிந்து பார்த்தார். "அப்படியா சங்கதி! போன வருஷத்துலேர்ந்து முதுகுக்கு அடியில மொறுமொறுங்குதுய்யா. நான் என் எலும்புதான்னு நினைச்சு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். ஆனால் ஒரு பெண் குரல் சிரிக்காமல் கேட்டது: "அப்ப எங்க மெத்தையெல்லாம்? கண்ணு தெரியாதவர்கிட்ட இனிமே எப்படிக் குடுக்கறது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பயந்தது அதைத்தான்.

அண்ணி முன்னால் வந்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"இவர்கிட்டக் குடுக்காதீங்க. என்கிட்டக் குடுங்க. இவரு கண்ணை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கத்தியை எடுக்கறதுக்கு முன்னால அந்த டாக்டர் என் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித்தான் ஆகணும். அதுவரைக்கும் பஞ்சு அடிக்கறது இவரு, பாக்கறது நான். என்னைத் தெரியும்ல உங்களுக்கு? பின்னால என்ன பேரு சொல்றீங்கன்னும் எனக்குத் தெரியும். நான் எதையாவது நம்பி நீங்க பாத்திருக்கீங்களா? என் கையைத் தாண்டி ஒரு பிடி பதர் உள்ள போயிடுமா?"

மாடிகளில் முணுமுணுப்பு ஓடியது. அவள் பால்காரரோடும் காய்கறிக்காரரோடும் மல்லுக்கட்டியதை எல்லோரும் பார்த்தவர்கள்தான். "அது வாஸ்தவம்" என்றது ஒரு குரல்.

டைப் அடிக்கிற பெண் அட்டைப் பெட்டியில் கட்டிய முடிச்சை அவிழ்க்க உள்ளே போனாள். அண்ணியோடு அதற்குப் பிறகும் அவள் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

தபால்காரர் உள்ளே போய்த் தன் மெத்தையைச் சுருட்டி இழுத்து வந்தார். "பிடிச்சுக்குங்க!" என்று மாடியிலிருந்து தள்ளினார். தெரு நடுவில் அது பொத்தென்று விழுந்து தூசி எழும்பியது. அண்ணி குனிந்தாள். தையலை விரலால் நெருடினாள். உறையின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தாள். புருவம் சுருங்கியது. மறுபடி முகர்ந்தாள். நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள்.

"ஏங்க தபால்காரரே, ஒண்டிக்கட்டைன்னுதானே சொன்னீங்க?" என்றாள். "அப்ப இந்த மெத்தையில யாரு பவுடர் போட்டுக்கிட்டுப் படுக்கறாங்க?"